சாச்சா ஏன் மவுத்தானார்? ஒரு மாணவியின் கேள்வியும் நான் தவறாகச் சொன்ன பதிலும்

2021ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி. மாதக்கணக்காக மூடிக் கிடந்த பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டு, தரம் 11 மாணவர்களுக்கு விடுபட்ட பாடங்களை அவசர அவசரமாக முடித்துக்கொண்டிருந்தோம். அன்று குருதி பற்றிய பாடம். "வெண்குழியங்கள் நோய்க்கிருமிகளை அழித்து எம்மைப் பாதுகாக்கின்றன" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், எங்கட வீட்டுல ஏழு பேருக்கும் கொரோனா வந்த. உம்மும்மாக்கு எழுபத்தெட்டு வயசு, சீனி வருத்தமும் இருக்கு. அவக்கு ரெண்டு நாள் காய்ச்சலோட சரி. சின்னாக்களுக்கு ஒண்டுமே இல்ல. சாச்சா மட்டும்தான் மவுத்தானார். அவருக்கு முப்பத்தஞ்சு வயசு சேர், ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு பந்து விளையாடப் போற ஆள். ஏன் சேர் அவருக்கு மட்டும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "அவருக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்திருக்கும் மகள்." அவள் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்து எல்லோரும் வெளியேறியபோது மேசைக்கருகே வந்து சன்னமான குரலில், "சாச்சிக்கிட்டயும் ஊருல அதைத்தான் சொல்ற சேர். சாப்பாடு ஒழுங்கா குடுக்கல்லயாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு விஞ்ஞான ஆசிரியன் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு வசனம், கணவனை இழந்த ஒரு பெண்ணின் மீது ஊர் சுமத்திய பழிக்குச் சாட்சியாகிவிட்டது. நான் வைத்தியன் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்றவன். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னவென்று தேடி வாசிப்பது என் கடமையாகிவிட்டது. வாசித்ததில் விளங்கியதையே இங்கு எழுதுகிறேன். தடிமனும் இன்புளுவென்சாவும் வருடா வருடம் எம்மைத் தேடி வருபவை என்பதால் இது பழைய கதையும் அல்ல.

எமது உடலின் நிர்ப்பீடனம் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. பரீட்சைக்காக நாம் அதிகம் படிப்பது இரண்டாவது அடுக்கைத்தான். குறித்த ஒரு கிருமியை அடையாளம் கண்டு அதற்கென்றே பிறபொருளெதிரிகளைத் தயாரிப்பதும், அதை நினைவில் வைத்திருப்பதும் அதன் வேலை. தடுப்பூசி வேலை செய்வதும் இதன் ஊடாகத்தான். ஆனால் முன்னர் சந்தித்திராத ஒரு வைரஸ் வந்தால் இந்த அடுக்கு தயாராக ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுக்கும். வைரஸோ அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஒரு கலத்துக்குள் நுழைந்த வைரஸ் சில மணித்தியாலங்களில் புதிய வைரஸ்களை வெளியே அனுப்பத் தொடங்கிவிடும்.

இடைப்பட்ட அந்த நாட்களில் எம்மை உயிரோடு வைத்திருப்பது முதலாவது அடுக்கு. பிறக்கும்போதே கூட வருவதால் இதனை உள்ளார்ந்த நிர்ப்பீடனம் என்பர். மூக்கின் உட்புறத்தில் உள்ள சீதம், அந்தச் சீதத்தை இடைவிடாது தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய பிசிர்கள், கிருமிகளை விழுங்கும் குழியங்கள் எல்லாம் இதில் அடங்கும். (சிகரட் புகை முதலில் பழுதாக்குவது இந்தப் பிசிர்களைத்தான். புகைப்பவரின் இருமல் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம்.) ஆனால் வைரஸைப் பொறுத்தவரை இந்த அடுக்கின் முக்கியமான ஆயுதம் வேறு ஒன்று.

1957இல் இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மான் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரஸைக் கோழி முட்டையின் உட்சவ்வுத் துண்டுகளோடு சேர்த்து வைத்தார்கள். பின்னர் அந்தச் சவ்வு கிடந்த திரவத்தை எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் இட்டபோது, அவற்றில் உயிருள்ள வைரஸ் பெருக முடியாமற் போனது. அதாவது முதல் சவ்வின் கலங்கள் ஏதோ ஒரு பொருளை வெளியே விட்டிருக்கின்றன, அந்தப் பொருள் மற்றக் கலங்களை எச்சரித்திருக்கிறது. வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்பெரோன் என்று பெயர் வைத்தார்கள்.

இன்று இதன் செயற்பாடு நன்கு தெரியும். கலத்துக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. நுழைந்தால் அதைக் கண்டுபிடிக்கும் உணரிப் புரதங்கள் எமது கலங்களில் இருக்கின்றன. அவை எச்சரிக்கை கொடுத்ததும் அந்தக் கலம் இன்டர்பெரோனைச் சுரக்கும். அயலிலுள்ள கலங்கள் அதைப் பெற்றதும் தமது நூற்றுக்கணக்கான பரம்பரை அலகுகளை இயக்கி, வைரஸ் உள்ளே வந்தாலும் பெருக முடியாதபடி கதவுகளை அடைத்துக்கொள்கின்றன. காய்ச்சல், உடம்பு உளைச்சல், சோர்வு என்று நாம் படும் பாடுகளில் பெரும்பகுதி வைரஸ் செய்வதல்ல, இந்த எச்சரிக்கை இரசாயனங்கள் செய்வதே. ஒரு காலத்தில் ஈரல் அழற்சி சீ நோய்க்கு இன்டர்பெரோனை ஊசியாக ஏற்றினார்கள். அந்த நோயாளிகளுக்குத் தடிமன் காய்ச்சல் பிடித்தது போலவே உடம்பெல்லாம் உளைந்தது. சுவாச வைரஸ் எதுவும் இல்லாமலேயே!

இங்கேதான் நான் வகுப்பில் விட்ட பிழை இருக்கிறது. நிர்ப்பீடனத்தை நான் ஒரு தண்ணீர்த் தாங்கியைப் போல நினைத்திருந்தேன். நிறைய இருந்தால் நல்லது, குறைந்தால் ஆபத்து. உண்மையில் அளவை விட நேரமே இங்கு பெரிது.

கிழக்கில் யானை இறங்கும் வயற்கிராமங்களில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பரணில் காவலிருப்பவர் முதல் யானை எல்லைக்கு வரும்போதே கண்டுவிட்டால் இரண்டு யானை வெடியோடு காரியம் முடிந்துவிடும். அவர் தூங்கிப்போய், கூட்டம் முழுவதும் வயலின் நடுவே வந்த பிறகு விழித்தால்? முழு ஊரும் பந்தமும் வெடியும் உழவு இயந்திரமுமாக வயலுக்குள் இறங்கும். விடிந்து பார்க்கும்போது யானை மிதித்த கதிர் எது, மனிதன் மிதித்த கதிர் எது என்று சொல்ல முடியாது.

நுரையீரலில் நடப்பதும் இதுதான். மூக்கிலும் தொண்டையிலும் இன்டர்பெரோன் உரிய நேரத்தில் சுரந்தால் வைரஸ் அங்கேயே மட்டுப்படும், நோய் தடிமனோடு போகும். எச்சரிக்கை பிந்தினால் வைரஸ் சத்தமில்லாமல் பெருகி நுரையீரலுக்கு இறங்கிவிடும். அதன் பிறகு எழும் எச்சரிக்கை சாதாரணமானதாக இருக்காது. வெண்குழியங்கள் கூட்டம் கூட்டமாகச் சிற்றறைகளுக்குள் பாய்கின்றன. அவை சுரக்கும் சைற்றோகைன்கள் இன்னும் பல குழியங்களை அழைக்கின்றன. குருதிக் குழாய்ச் சுவர்கள் கசிந்து, காற்று இருக்கவேண்டிய இடத்தில் திரவம் நிரம்புகிறது. ஒட்சிசன் குருதிக்குள் போக வழியில்லை. கடுமையான நோயாளிகள் பலர் முதல் வாரம் சமாளித்துவிட்டு இரண்டாவது வாரத்தில் திடீரென மோசமாவது இதனால்தான்.

வைரஸ்களும் சும்மா இருப்பதில்லை. இன்புளுவென்சா வைரஸ் தனது புரதமொன்றின் மூலம் கலத்தின் எச்சரிக்கையை அமுக்கிவிடும். கொவிட் வைரஸிடம் அத்தகைய புரதங்கள் பல உண்டு. 2003இல் பரவிய சார்ஸ் வைரஸை எலிகளில் ஆராய்ந்தபோது, இன்டர்பெரோன் பிந்தி வந்த எலிகள் இறந்தன. அதே இன்டர்பெரோனை ஆரம்பத்திலேயே கொடுத்தபோது பிழைத்தன. ஒரே பொருள், நேரம்தான் வேறு.

அப்படியானால் முப்பத்தைந்து வயது ஆரோக்கியமான ஒருவருக்கு ஏன் எச்சரிக்கை பிந்த வேண்டும்? 2020இல் இதற்கு மூன்று முக்கியமான பதில்கள் கிடைத்தன.

நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், இரு சோடிச் சகோதரர்கள், கொவிட் தொற்றிச் செயற்கைச் சுவாசம் வரை போனார்கள். வயது 21இலிருந்து 32 வரை. முன்னர் பெரிய நோய் எதுவும் இல்லை. ஒருவர் இறந்துபோனார். நால்வரையும் ஆராய்ந்தபோது, வைரஸின் ஆர்.என்.ஏ.யைக் கண்டுபிடிக்கும் டி.எல்.ஆர்.7 என்ற உணரிக்கான பரம்பரை அலகில் விகாரம் இருந்தது. இந்த அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ஆண்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

இரண்டாவது, உயிராபத்தான நிலைக்குப் போன 659 கொவிட் நோயாளிகளை ஆராய்ந்ததில் 23 பேருக்கு இன்டர்பெரோன் உருவாகும் அல்லது செயற்படும் பாதையிலேயே பிறவிக் குறைபாடு இருந்தது. தமக்கு இப்படி ஒரு குறை இருப்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வியக்க வைத்தது. சிலருடைய உடல் தனது சொந்த இன்டர்பெரோனுக்கு எதிராகவே பிறபொருளெதிரிகளைத் தயாரித்து வைத்திருக்கிறது. எச்சரிக்கை மணி அடிக்கிறது, ஆனால் யாரோ அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உயிராபத்தான கொவிட் நோயாளிகள் 987 பேரில் 101 பேரிடம் இவை இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். நோய் லேசாக வந்துபோன 663 பேரில் ஒருவரிடம் கூட இல்லை. வயது ஏற ஏற, குறிப்பாக 70ஐத் தாண்டியபின், இவை அதிகரிப்பதையும், கொவிட் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இவற்றுடன் தொடர்பிருப்பதையும் அடுத்த வருட ஆய்வு காட்டியது. பின்னர் கடும் இன்புளுவென்சா நோயாளிகள் சிலரிடமும் இவை கண்டுபிடிக்கப்பட்டன.

இவை மூன்றும் சேர்ந்தாலும் எல்லா மரணங்களையும் விளக்கிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதுமை, நீரிழிவு, அதிக உடற்பருமன், இருதய நோய் எல்லாம் ஆபத்தைக் கூட்டுபவையே. ஆனால் ஆபத்து கூடுவது வேறு, நிச்சயமாக நடப்பது வேறு. சீனி வருத்தமுள்ள உம்மும்மா தப்பியதில் முரண்பாடு எதுவும் இல்லை. சிறுவர்களைப் பொறுத்தவரை, அவர்களது மூக்குக் கலங்களில் வைரஸ் உணரிகள் பெரியவர்களை விட முன்கூட்டியே ஆயத்த நிலையில் இருப்பதை ஜெர்மனிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கொவிட் சிறுவர்களை அவ்வளவாக வாட்டாததற்கு இது ஒரு காரணமாகலாம். கைக்குழந்தைகளின் கதை வேறு. அவர்களுடைய சுவாசக் குழாய்கள் மிக ஒடுங்கியவை. சிறிதளவு வீக்கமும் சளியுமே அவற்றை அடைத்துவிடும்.

1918இன் இன்புளுவென்சா இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. 20 முதல் 40 வயதுக்கு உட்பட்ட திடகாத்திரமானவர்கள் அதில் பெருந்தொகையாக இறந்தது நீண்ட காலம் ஒரு புதிராக இருந்தது. அந்த வைரஸை ஆய்வுகூடத்தில் மீளுருவாக்கிக் குரங்குகளுக்குத் தொற்றச் செய்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், உள்ளார்ந்த நிர்ப்பீடனம் கட்டுப்பாடிழந்து நுரையீரலைச் சேதப்படுத்தியது தெரிந்தது. அன்று இறந்தவர்களில் பலர் பின்னால் தொற்றிய பக்டீரியாவால் இறந்தார்கள் என்பதும் உண்மை. எப்படியாயினும் பலசாலி என்பதால் ஒருவர் தப்புவார் என்ற கணக்கு அன்றும் பொய்த்தது.

நேரம்தான் பெரிது என்பதற்கு மருந்துகளே நல்ல சாட்சி. டெக்சாமெதசோன் நிர்ப்பீடனத்தை அடக்கும் ஒரு ஸ்டீரொயிட் மருந்து, விலையும் மலிவு. 2020 ஜூனில் பிரித்தானிய ஆய்வின் முடிவு வந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளில் வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற 100 பேரில் 41 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். இம்மருந்து பெற்றவர்களில் அது 29. ஒட்சிசன் மட்டும் பெற்றவர்களுக்கும் பயன் இருந்தது. ஒட்சிசன் தேவைப்படாத நோயாளிகளுக்கோ எந்தப் பயனும் இல்லை. அவர்களில் மருந்து பெற்ற 100 பேரில் 18 பேர் இறக்க, பெறாதவர்களில் 14 பேரே இறந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலானதாகவும் இருக்கலாம், ஆனால் தீங்கு நேரலாம் என்ற சந்தேகத்தை அது எழுப்பியது.

இன்டர்பெரோன் இதற்கு நேர்மாறு. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பிறகு கொடுத்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் பயன் கிடைக்கவில்லை. ஆனால் நோய்க்குறி தொடங்கி ஏழு நாட்களுக்குள் ஒருவகை இன்டர்பெரோனை ஒரே ஒரு ஊசியாகக் கொடுத்த ஆய்வில், வைத்தியசாலைக்குப் போகவேண்டி வந்தவர்கள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தார்கள். இது 2023இல் வெளியானது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் எமது ஊர்ப் பழக்கம் ஒன்றுதான். காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே பாமசிக்குப் போய், "போன முறை தந்த அந்தச் சின்னக் குளிசையைத் தாங்க" என்று துண்டில்லாமல் கேட்டு வாங்குகிறோம். அந்தச் சின்னக் குளிசை பல வேளைகளில் ஸ்டீரொயிட். உடனே காய்ச்சல் இறங்கும், உளைச்சல் நிற்கும், "நல்ல மருந்து" என்று பெயரெடுக்கும். காவல்காரன் விழித்திருக்க வேண்டிய நேரத்தில் அவனுக்குத் தூக்க மருந்து கொடுத்திருக்கிறோம் என்பது எமக்குத் தெரிவதில்லை. ஆஸ்துமா போன்ற நோய்களுக்காக வைத்தியர் எழுதிக் கொடுத்த ஸ்டீரொயிட்டை நான் குறிப்பிடவில்லை. அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மறுபக்கம், நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படுபவை. 2020 டிசம்பரில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் கேகாலையில் முண்டியடித்ததை மறந்திருக்க மாட்டோம். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதையும் வேது பிடிப்பதையும் நான் விடவில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கிறது, அது போதும். ஆனால் டி.எல்.ஆர்.7 பழுதான ஒருவருக்கு எந்தப் பாணியும் அதைச் சரிசெய்யாது. சத்தான உணவும் தூக்கமும் எல்லோருக்கும் தேவைதான். அவை குறைந்ததால்தான் இந்த மனிதர் இறந்தார் என்று தீர்ப்புச் சொல்ல எமக்கு எந்த ஆதாரமும் இல்லை.

தடுப்பூசியின் இடம் இதில் எங்கே என்று கேட்கலாம். அது முதலாவது அடுக்கின் பழுதைத் திருத்துவதில்லை. இரண்டாவது அடுக்கை முன்கூட்டியே தயார்ப்படுத்தி, முதலாவது தனியாகத் தாங்கவேண்டிய நாட்களைக் குறைக்கிறது. முதலாவது அடுக்கு பலவீனமானவர் யார் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், "நான் நல்ல சுகமாக இருக்கிறேன், எனக்கெதற்கு" என்ற வாதம் எடுபடாது.

நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது காய்ச்சலின் பாகையை விடச் சுவாசத்தை. வளர்ந்தவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்செடுத்தால், ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் இளைத்தால், விரல்மானியில் ஒட்சிசன் 94க்குக் கீழே போனால் தாமதிக்க வேண்டாம். சிறுபிள்ளைகளில் 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, அதன்பின் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான சுவாசம். நெஞ்சுக்குழி உள்ளே இழுபட்டால் இன்னும் அவசரம். 1990 சுவசெரியவை அழைக்கக் காசு தேவையில்லை. குறிப்பாக, காய்ச்சல் குறைந்து சுகமாகி வருவது போலிருந்தவர் ஒரு வாரத்துக்குப் பிறகு மீண்டும் இளைக்கத் தொடங்கினால் "பலவீனம்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த மாணவி பின்னர் உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். ஒருநாள் வீதியில் கண்டபோது, அன்று நான் சொன்ன பதில் பிழை என்று சொல்லி, நெதர்லாந்துச் சகோதரர்களின் கதையையும் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தாள்.

"அப்ப சாச்சாட மகனுக்கும் அது இருக்குமா சேர்?"

தந்தையிடமிருந்து மகனுக்குப் போவது வை நிறமூர்த்தம். எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். ஆகவே சாச்சாவுக்கு இருந்தது அந்தப் பழுதே என்றாலும் அது அவருடைய மகனுக்குப் போயிருக்காது என்றேன். சாச்சாவை யாரும் அப்படிப் பரிசோதிக்கவில்லை, அது அல்லாத வேறொன்றாகவும் இருக்கலாம், ஆனால் எதுவானாலும் அது சாச்சி சமைத்த சாப்பாட்டில் இருக்கவில்லை என்றும் சொன்னேன்.

"இத நான் சாச்சிக்கிட்டச் சொல்லோணும் சேர்" என்றவள், நாங்கள் நின்ற சந்தியிலிருந்து வீட்டுப் பக்கம் போகாமல் சாச்சியின் வீடு இருக்கும் ஒழுங்கைக்குள் திரும்பினாள்.